அறை ஆன்டெனாவா, கூரை ஆன்டெனாவா?

லண்டனில் ஆன்டெனா வழியே வரும் இலவச டிவி சேவையான ஃப்ரீவியூவைப் பார்க்க மாதச் சந்தா கிடையாது, டிவி லைசென்ஸ் மட்டும் வேண்டும். தெற்கே கிரிஸ்டல் பேலஸில் 219 மீட்டர் உயர ஒளிபரப்புக் கோபுரம் நிற்கிறது. 2012 ஏப்ரலில் அங்கிருந்து பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றது. இப்போது எல்லாமே டிஜிட்டல்தான். சரி, அதைப் பிடிக்க ஆன்டெனாவை எங்கே வைப்பது?

அறைக்குள் என்றால் செலவு குறைவு, ஏணி வேண்டாம். கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வீடு இருந்தால், ஜன்னலோரம் வைத்தாலே போதும். தள்ளிப் போகப் போகத்தான் தொல்லை. பழைய அனலாக்கில் சிக்னல் குறைந்தால் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரியும். டிஜிட்டலில் அந்தச் சலுகை இல்லை. எங்கள் வீட்டில் யாராவது ஆன்டெனாவுக்குக் குறுக்கே நடந்தாலே செய்தி வாசிப்பவரின் முகம் சதுரம் சதுரமாக உடையும், குரல் விக்கும், அப்புறம் திரை கறுப்பு. சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்கி மாட்டினால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். அது சிக்னலோடு கலந்து வரும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.

கூரை ஆன்டெனாவுக்கு ஆள் கூலி உண்டு. ஆனால் சுவர், மனித நடமாட்டம் எதுவும் குறுக்கே வராது. கிரிஸ்டல் பேலஸுக்குக் குச்சிகள் படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். பள்ளமான பகுதிகளுக்கு ஒளிபரப்பும் சிறு ரிலே நிலையங்களுக்குப் பெரும்பாலும் நிமிர்த்த வேண்டும். 'டிஜிட்டல் ஆன்டெனா' என்று தனியாக ஒன்றும் இல்லை. கூரையில் இருக்கும் பழையதே நல்ல நிலையில் இருந்தால் போதும். கேபிளுக்குள் மழைநீர் இறங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இடம் இருந்தால் நான் கூரையைத்தான் சொல்வேன். அடுக்குமாடியில் இருப்பவர்கள் முதலில் சுவரில் பொது ஆன்டெனா சாக்கெட் இருக்கிறதா என்று தேடுங்கள்.