ஸ்டூவர்ட் நம்பர் 1: இரண்டங்குலச் சிலிண்டரோடு பதினான்கு மாதங்கள்

நீராவி எஞ்சினுக்கான வார்ப்புத் தொகுதியை வாங்குபவருக்கு எஞ்சின் கிடைப்பதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிடைப்பவை கரடுமுரடான வார்ப்பிரும்புத் துண்டுகள், சில கன்மெட்டல் (செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம்) வார்ப்புகள், எஃகுத் தண்டுகள், ஒரு வரைபடம் ஆகியவை மட்டுமே. இவற்றைக் கடைந்து, துளையிட்டு, அரம் போட்டு எஞ்சினாக்குவது வாங்கியவரின் பாடு. இங்கிலாந்தில் என் வீட்டுக் கார்க் கொட்டகையில், ஒரு பழைய மைஃபோர்ட் லேத்தை (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் எந்திரத்தை) வைத்துக்கொண்டு, பதினான்கு மாத வார இறுதிகளில் ஸ்டூவர்ட் நம்பர் 1 எஞ்சினைச் செய்து முடித்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

ஷிப்லேக் கோர்ட் மாளிகையின் மின்னாக்கி நிலையத்தைக் கவனித்துவந்த சிட்னி ஸ்டூவர்ட் டர்னர் வடிவமைத்த எஞ்சின் இது. அவர் 1906-இல் தொடங்கிய நிறுவனம் தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள ஹென்லியில் வளர்ந்து, இன்று நீர்ப் பம்புகளுக்குப் பெயர்பெற்றிருக்கிறது. எஞ்சின் வார்ப்புகளை விற்பது தனியான மற்றொரு நிறுவனம். நம்பர் 1 செங்குத்தாக நிற்கும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். சிலிண்டரின் உள்விட்டமும் பிஸ்டனின் ஓட்டமும் தலா 2 அங்குலம். பிஸ்டனின் இரு பக்கமும் மாறிமாறி நீராவி தள்ளும். சிலிண்டருக்குள் சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தம் நிலவி, நிமிடத்துக்கு 500 சுற்றுகள் ஓடினால், கணக்குப்படி 0.63 குதிரைத்திறன் வரும். உராய்வில் ஒரு பங்கு போனாலும் சிறிய டைனமோவைச் சுழற்றவோ சிறுபடகு ஒன்றை மெல்ல நகர்த்தவோ போதும். ஆகவே இதை அலமாரிப் பொம்மை என்று நான் கருதவில்லை. அளவில் சிறியதாக இருந்தாலும் வேலை செய்யக்கூடிய எஞ்சின்தான்.

புதியவர்கள் முக்கால் அங்குலச் சிலிண்டர் கொண்ட ஸ்டூவர்ட் 10வி எஞ்சினில் தொடங்க வேண்டும் என்பதே பொதுவாகத் தரப்படும் அறிவுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு பிசகு ஏற்பட்டால், 10வி சிலிண்டரில் அது விட்டத்தின் 0.27 சதவீதம்; நம்பர் 1-இல் 0.1 சதவீதம். சின்ன எஞ்சினின் மெல்லிய திருகாணிகளோடு கண்ணும் விரலும் படும் பாடு பெரியதில் இல்லை. எனினும் லேத் சிறிதாக இருந்தால் இந்த யோசனை செல்லாது. என் லேத்தின் மைய உயரம், அதாவது படுகையிலிருந்து சுழலும் அச்சு வரையுள்ள உயரம், மூன்றரை அங்குலமே என்பதால், ஃப்ளைவீலை (எஞ்சினின் கனமான சுழற்சிச் சக்கரத்தை) படுகைக்கு மேலே சுழற்ற இடம் போதாமல், லேத்தின் சுழலும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கை ஒட்டிய பள்ளத்தில் வைத்தே கடைய நேர்ந்தது.

வேலையின் உயிர்நாடி சிலிண்டர்தான். வார்ப்பிரும்பின் மேல்தோல் உள்ளே இருப்பதைவிடக் கடினமானது. வார்ப்பு மணலும் அதில் ஒட்டியிருக்கும். தயங்கித் தயங்கி மேலோட்டமாகச் சீவினால் உளியின் முனைதான் மழுங்கும். முதல் வெட்டே தோலுக்கு அடியில் இறங்கும் ஆழத்தில் இருக்க வேண்டும். இதை நான் மூன்று உளிகளைப் பாழாக்கிய பிறகே கற்றேன். சிலிண்டரை லேத்தின் நகரும் மேடையான குறுக்குச் சறுக்கின்மீது இறுகக் கட்டி, அதனூடே இரு மையங்களுக்கிடையில் சுழலும் போரிங் பாரை (உளி பொருத்திய தண்டை) செலுத்திக் குடைந்தேன். சுழல்வது உளி, நகர்வது சிலிண்டர் என்ற இந்த முறையில் துளை முன்னும் பின்னும் ஒரே விட்டத்தில் அமையும். இறுதியில் ஆழத்தைக் கூட்டாமல் அதே அமைப்பில் இரண்டு முறை ஓட்டியபோது, பாரின் வளைவால் எஞ்சியிருந்த மெல்லிய படலமும் உதிர்ந்தது. பின்னர் சிலிண்டரை மாண்ட்ரலில் (துளைக்குள் இறுகப் பொருந்தும் தண்டில்) ஏற்றி முகத்தைச் சீவினால், முகம் துளைக்குச் சரியான செங்கோணத்தில் அமைந்துவிடும். இந்த ஒரு பாகத்துக்கே ஆறு வார இறுதிகள் போயின.

வரைபடம் முழுவதும் அங்குலப் பின்னங்களில் இருப்பதால், மில்லிமீட்டரில் படித்து வந்த நமக்கு 1/8 அங்குலம் 3.175 மில்லிமீட்டர் என்பது மனப்பாடமாகும்வரை தலைவலிதான். ஆனால் பயமுறுத்தும் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) என்ற பழைய பிரிட்டிஷ் தர மரைகள் உள்ளுக்குள் மெட்ரிக்காகவே இருப்பது வேடிக்கை: 0 பி.ஏ. திருகாணி சரியாக 6 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் கொண்டது. அடுத்தடுத்த எண்களில் இடைவெளி 0.9 மடங்காகக் குறைந்துகொண்டே போகும். பெயர் சொல்ல விரும்பாத ஓர் இணையக் கடையில் மலிவாக வாங்கிய டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) சிலிண்டர் விளிம்பின் துளைக்குள்ளேயே முறிந்துபோக, அதை வெளியே எடுக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வீணாயிற்று. டேப் வாங்கும்போது கஞ்சத்தனம் கூடவே கூடாது.

சிலிண்டருக்குள் நீராவியை மாறிமாறி விடும் சறுக்கு வால்வைப் பொருத்துவது பொறுமைக்கான வேலை. நீராவிப் பெட்டியின் மூடியைக் கழற்றிவைத்து, பிஸ்டன் மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் நிற்கும்போது வால்வு நீராவி நுழையும் இரண்டு வாய்களையும் ஒரே அளவு மெல்லிய கீற்றாகத் திறக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். வால்வை இயக்கும் எக்சென்ட்ரிக் வட்டை கிராங்கின் தவறான பக்கத்தில் பூட்டிவிட்ட என் எஞ்சின், அழுத்தக் காற்றில் முதல்முறை ஓடியபோது மிக ஒழுங்காக, எதிர்த்திசையில் சுழன்றது.

தொகுதியின் விலையை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் ஏமாறும் இடம் பாய்லர். மேலே சொன்ன வேகத்திலும் அழுத்தத்திலும் இந்த எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 200 கிராம் நீராவியைக் குடிக்கும். அதற்கு ஏறத்தாழ 9 கிலோவாட் வெப்பம், அதாவது இங்குள்ள மின்கெட்டில்கள் மூன்று ஒருசேரக் கொதிப்பதற்கு நிகரான வெப்பம், நீருக்குள் போய்ச் சேர வேண்டும். அதைத் தாங்கும் செம்புப் பாய்லரை வெள்ளிப் பற்றவைப்பில் நானே செய்யத் துணியவில்லை. ஆயத்தமாக வாங்கியதற்கு எஞ்சினைவிட அதிகம் செலவாயிற்று. நான் சேர்ந்திருக்கும் மாதிரி எஞ்சின் கழகத்தின் ஆய்வாளர் புதிய பாய்லரை முதலில் குளிர்ந்த நீரால் நிரப்பி, இயக்க அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு ஏற்றிச் சோதித்த பிறகே நெருப்பு மூட்ட விட்டார். நீர் அமுங்காது என்பதால், பற்றவைத்த இணைப்பு விட்டாலும் சொட்டுவதோடு நின்றுவிடும். காற்றில் சோதித்தால் வெடிக்கும்.

காற்றில் நன்றாக ஓடுகிறது என்பதை நம்பிவிடக் கூடாது. முதல் நீராவி குளிர்ந்த சிலிண்டரில் பட்டதும் நீராக மாறிவிடுகிறது. சிலிண்டரில் தேங்கும் நீரை வெளியேற்றும் வடிகுழாய்த் திருகுகளைத் திறக்காமல் ஓட்டினால், அமுங்காத அந்த நீர் பிஸ்டனுக்கும் மூடிக்கும் நடுவே சிக்கி எதையேனும் உடைத்துவிடும். திருகுகள் இரண்டையும் திறந்துவைத்து, ஃப்ளைவீலைக் கையால் பத்துப் பன்னிரண்டு முறை உருட்டினேன். துப்பிக்கொண்டிருந்த வெந்நீர் மெல்ல வெறும் ஆவியானதும் திருகுகளை மூடினேன். அதன்பின் ஃப்ளைவீலுக்கு என் கை தேவைப்படவில்லை.