செர்ரி இறால் வளர்ப்பில் நீண்டகால அனுபவம்: காணாமற்போகும் இறால்கள் எங்கே போகின்றன?

கடையிலிருந்து வாங்கி வந்து தொட்டியில் விட்ட இருபது செர்ரி இறால்களில் ஒரு மாதத்துக்குள் ஏழெட்டு மட்டுமே கண்ணில் படுகின்றன, மற்றவை செத்திருந்தால் பிணமாவது மிதக்க வேண்டாமா என்பது இவற்றைப் புதிதாக வளர்ப்பவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி. சென்னையில் அடுக்குமாடி வீடொன்றில், இரண்டடி நீளமும் சுமார் ஐம்பது லிட்டர் கொள்ளளவும் உள்ள தொட்டியில் சில ஆண்டுகளாக இவற்றை வளர்த்து வருகிறேன். ஜாவா மாஸ் என்னும் நீர்ப்பாசிச் செடி, ஒரு மரக்கட்டை, கருங்கல் சரளை, ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், இவ்வளவுதான் ஏற்பாடு. தலைகளை எண்ணித் தொட்டியின் நலத்தை அறிய முடியாது என்பதே இத்தனை காலத்தில் எனக்கு உறுதிப்பட்ட முதல் செய்தி.

இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமே உள்ள இந்த இறால், வளர்ந்த பிறகும் சில வாரங்களுக்கு ஒருமுறை ஓட்டை உரிக்கிறது. புதிய ஓடு இறுகும்வரை உடல் மென்மையாக இருப்பதால், மாஸுக்குள்ளோ கட்டையின் அடியிலோ புகுந்து அசையாமல் கிடக்கும். முட்டை சுமக்கும் பெண் இறால்களும் கூச்சம் மிகுந்தவை. ஆகவே பகலில் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சொல்லும் எண்ணிக்கை உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகவே வரும். விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து மங்கிய டார்ச் ஒளியில் பார்ப்பதும், வேகவைத்த பசலைக்கீரை இலை ஒன்றைத் தரையில் போட்டுக் காத்திருப்பதும் இதைவிட நம்பகமான வழிகள். கீரையின் மேல் கூட்டம் கூடுவதைப் பார்த்தபின் காவல்துறையில் புகார் கொடுக்கும் மனநிலையிலிருந்து பலர் இறங்கி வந்துவிடுவார்கள்.

பிணம் கிடைக்காததில் வியப்பேதும் இல்லை. செத்த இறாலை மற்ற இறால்களும் நத்தைகளும் ஒரே நாளில் தின்று தீர்த்துவிடும். அதைப் பார்த்துவிட்டு ஒன்றையொன்று கொன்று தின்கின்றன என்று முடிவுகட்டுவது தவறு, அவை பெரும்பாலும் செத்ததையும் சாகக் கிடப்பதையும்தான் தொடுகின்றன. உரித்த ஓட்டைப் பிணமென்று எண்ணிக் கலங்குபவர்களும் உண்டு. ஓடு கண்ணாடிபோல உள்ளீடற்றதாக, தலைக்குப் பின்னால் பிளந்து இருக்கும். பிணமோ ஒளி ஊடுருவாமல் வெளிறிய இளஞ்சிவப்பில், சமைத்த இறாலின் நிறத்தில் கிடக்கும். ஓட்டை எடுத்து எறிய வேண்டியதில்லை, அதையும் இறால்கள் தின்றுவிடும்.

உண்மையாகவே குறைகிறது என்று உறுதியானால் முதலில் ஃபில்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். முட்டையிலிருந்து வெளிவரும் செர்ரி இறால் குஞ்சு ஓரிரு மில்லிமீட்டர் அளவில், தாயின் உருவத்திலேயே இருக்கும். தொட்டியின் விளிம்பில் மாட்டும் ஃபில்டரும் வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டரும் நீரை உறிஞ்சும் குழாயின் இடுக்குகள் இதற்குப் பெரிய வாசல்கள். உறிஞ்சப்பட்டவை எல்லாம் சாவதும் இல்லை. கேனிஸ்டருக்குள் அழுக்கைத் தின்று நன்றாகவே வளர்ந்த இறால்களைப் பார்த்திருக்கிறேன், ஆகையால் சுத்தம் செய்யும்போது அந்த நீரை நேரே கொட்டாமல் வெள்ளை வாளியில் ஊற்றிப் பார்ப்பது நல்லது. உறிஞ்சுகுழாயின் மேல் நுண்துளை ஸ்பாஞ்ச் மாட்டினால் இந்த இழப்பு நின்றுவிடும். ஆனால் அது விரைவில் அடைத்துக்கொண்டு நீரோட்டத்தைக் குறைப்பதால், அடிக்கடி பிழியும் பொறுமை வேண்டும். இறாலுக்கு மட்டுமான தொட்டிக்கு விலை குறைந்த சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும் என்பேன். அதன் மேல் படியும் நுண்ணுயிர்ப் படலமே குஞ்சுகளுக்குத் தீனியாகவும் அமைகிறது.

அடுத்தது மீன். "இறாலோடு ஒத்துப்போகும்" என்று விற்கப்படும் மீன்களில் பெரும்பாலானவை வளர்ந்த இறாலைத்தான் விட்டுவைக்கும். கப்பியும் டெட்ராவும்கூட வாய்க்குள் நுழையும் குஞ்சை விடுவதில்லை. ஏஞ்சல், கௌராமி, ஃபைட்டர் போன்றவற்றுக்கு வளர்ந்த இறாலும் தீனிதான். நான் அறிந்தவரை நம்பி விடக்கூடிய மீன், பாசி தின்னும் சிறு கெளுத்தியான ஓட்டோசிங்க்ளஸ் ஒன்றே.

இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் குழப்பியது தட்டான்பூச்சியின் நீர்வாழ் இளம்பருவம். திறந்த தொட்டிகளிலும் சிமென்ட் தொட்டிகளிலும் வளர்த்து விற்கப்படும் நீர்ச்செடிகளின் தண்டுக்குள் முட்டையாகவோ, வேரிடையே மிகச் சிறிய புழுவாகவோ அது வீட்டுக்குள் வந்துவிடுகிறது. மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சட்டென நீட்டி இரையைக் கவ்வி இழுக்கும் இந்தப் பிராணி பகலில் சரளையிலும் மாஸிலும் நிறம் தெரியாமல் ஒட்டிக்கிடக்கும். நீர்ச் சோதனையில் எந்தக் குறையும் இல்லை, மீன் இல்லை, ஃபில்டரில் ஒன்றும் சிக்கவில்லை, ஆனால் நடுத்தர அளவு இறால்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. இரவில் டார்ச் அடித்து மாஸை உலுக்கியபோது வாலில் இலைபோன்ற மூன்று செவுள்களோடு ஊசித்தட்டானின் இளம்பருவம் ஒன்று வெளியே வந்தது, சில நாட்களில் அதன் உடன்பிறப்புகளும் கிடைத்தன. அவற்றைக் கையால் பிடித்து அகற்றுவதே பாதுகாப்பான வழி. பூச்சியைக் கொல்லும் மருந்து இறாலையும் கொல்லும், இரண்டும் கணுக்காலிகளே. இப்போது எந்தச் செடியையும் தனி வாளியில் சில வாரங்கள் வைத்துப் பார்த்த பின்னரே தொட்டியில் இடுகிறேன்.

இதே காரணத்தால் கொசுவிரட்டியும் ஆபத்தானது. திரவத்தை ஆவியாக்கும் கொசுவிரட்டிகளில் உள்ள பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி இறால் போன்ற நீர்வாழ் கணுக்காலிகளுக்கு மிகக் கொடியது, ஏர் பம்ப்போ அறையின் காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் செலுத்துகிறது. மீன் நோய்க்கான செம்பு கலந்த மருந்துகளும் இறால் தொட்டிக்கு ஆகாதவை.

நீரைப் பற்றி இங்கே பலரும் தரும் அறிவுரை ஆர்.ஓ. தண்ணீரை ஊற்று என்பது. அதில் கால்சியமும் மக்னீசியமும் ஏறக்குறைய இல்லாததால், அதை மட்டுமே நம்பிய தொட்டியில் இறால்கள் ஓடு உரிக்கும்போது சிக்கிச் சாகும். தலையோட்டுக்கும் உடலுக்கும் இடையே சுற்றிவர வெள்ளை வளையம் தெரிந்தால், ஓடு சரியான இடத்தில் பிளக்கவில்லை என்று பொருள், அப்படிப்பட்டவை பிழைப்பது அரிது. செர்ரி இறாலுக்கு ஜி.எச். எனப்படும் பொதுக் கடினத்தன்மை, அதாவது நீரிலுள்ள கால்சியம், மக்னீசியத்தின் அளவு, ஆறு முதல் எட்டு dGH வரை இருப்பது நல்லது. நீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்துக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை மட்டும் பார்த்து நிறைவடையக் கூடாது, ஏனெனில் கடலோரப் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் அந்த எண்ணை ஏற்றுவது பெரும்பாலும் சாதாரண உப்பாகவே இருக்கலாம். தனி ஜி.எச். சோதனைச் சொட்டு மருந்துக்குச் செலவழித்த பணம் இந்த வளர்ப்பில் நான் செய்த செலவுகளிலேயே பயனுள்ளது.

கோடை தனிச் சிக்கல். இருபது பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையுமென்றால், முப்பது பாகையில் அது 7.5 அளவுக்கு இறங்கிவிடுகிறது, அதே வெப்பத்தில் இறாலின் தேவையோ கூடுகிறது. சித்திரை, வைகாசியில் நீர்ப்பரப்பின் மேல் சிறு விசிறி ஓடவிடுவது ஓரிரு பாகையைக் குறைக்கும். ஆவியாகும் நீருக்கு ஈடாக மட்டும் ஆர்.ஓ. நீர் ஊற்றலாம், ஏனெனில் ஆவியாகும்போது உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன.

மூடி பற்றிக் கேட்பவர்களுக்கு: செர்ரி இறால் வெளியேறுவது அரிது. ஜப்பானிய நீர்த்தோட்டக் கலைஞர் தகாஷி அமானோவின் பெயரால் வழங்கும் அமானோ இறாலோ, நீர் பிடிக்கவில்லை என்றால் குழாயைப் பிடித்து ஏறித் தரையில் விழுந்து காய்ந்து கிடக்கும். அதற்கு இடுக்கில்லாத மூடி கட்டாயம். அதன் குஞ்சுகள் வளர உவர்நீர் தேவைப்படுவதால் வீட்டுத் தொட்டியில் இனம் பெருகுவதும் இல்லை.

இறுதியாக வயது. செர்ரி இறால் ஓராண்டு முதல் இரண்டாண்டு வரையே வாழும், வெப்பமான நீரில் அதுவும் குறையும். கடையில் நிறம் நன்கு ஏறிய பெரிய இறாலாகப் பார்த்துப் பொறுக்கி எடுப்பவர், வாழ்நாளில் கணிசமான பகுதியைக் கழித்துவிட்ட ஒன்றையே வாங்குகிறார். சில மாதங்களில் அது மறைவதற்குக் காரணம் தேடி ஃபில்டரைப் பிரித்துப் பயனில்லை. ஒரு பெண் இறால் ஒரு தடவைக்கு இருபது முப்பது முட்டைகளைச் சுமந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் பொரிக்கிறது. ஆகவே நான் பெரியவற்றை எண்ணுவதை விட்டுவிட்டு, கண்ணாடியில் பல அளவுகளில் குஞ்சுகள் மேய்கின்றனவா, அடியில் புதிதாக உரித்த ஓடுகள் கிடக்கின்றனவா என்று மட்டும் பார்க்கிறேன். புதிதாக வாங்குபவர்களுக்கும் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள, நிறம் இன்னும் முற்றாத இளம் இறால்களையே கேட்டு வாங்கும்படி சொல்கிறேன். பெரும்பாலும் விலையும் குறைவாகவே இருக்கும்.