பாங்கொக் "ஒருநாள் நகரச் சுற்றுலா" வவுச்சர் வாங்கவிருக்கும் திருகோணமலை உறவுகளின் கவனத்திற்கு

பாடசாலை விடுமுறை நெருங்கும் நாட்களில் நம் ஊரிலிருந்து பல குடும்பங்கள் தாய்லாந்துக்குப் புறப்படுகின்றன. விமானச் சீட்டு, தங்குமிடம் ஆகியவற்றுடன் "ஒருநாள் நகரச் சுற்றுலா" என்ற பெயரில் வவுச்சர் ஒன்றையும் சேர்த்து விற்கும் முகவர்கள் இங்கே இருக்கிறார்கள். அத்தகைய ஒருவரிடம் பணம் கட்டிச் சென்ற எனக்கும் என் மனைவிக்கும் பாங்கொக்கில் நேர்ந்ததை, அடுத்து செல்பவர்கள் அதே வலையில் விழக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

எங்கள் கையில் தரப்பட்ட வவுச்சரில் அரச மாளிகை, அதன் வளாகத்திலுள்ள மரகத புத்தர் ஆலயம், வட் போ பௌத்த ஆலயம், ஆற்றின் மறுகரையிலுள்ள வட் அருண் பௌத்த ஆலயம், சிலோம் மாரியம்மன் கோயில் ஆகிய அனைத்தும் அச்சிடப்பட்டிருந்தன. அனுமதிக் கட்டணங்களும் மதிய உணவும் அடங்கும் என்றும், தமிழ் பேசும் வழிகாட்டி உடன் வருவார் என்றும் முகவர் வாய்மொழியாகவும் உறுதியளித்தார். திருமண நாளை ஒட்டிய பயணம் என்பதால் அந்த ஒரு நாளுக்காகவே நாங்கள் நெடுநாட்களாகக் காத்திருந்தோம்.

அன்று காலை விடுதிக்கு வந்த வழிகாட்டிக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. தாய்லாந்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி வழிகாட்டிகள் உரிமம் பெற்றிருக்க வேண்டும். பணியின்போது அந்த உரிம அட்டையை அணிந்திருக்கவும் வேண்டும். அவர் கழுத்தில் எதுவும் இல்லை. வாகனம் புறப்பட்டவுடன், அரச சடங்கு ஒன்றின் காரணமாக மாளிகை அன்று மூடப்பட்டுள்ளது என்றும், அதற்குப் பதிலாக "பெரிய நின்ற புத்தரையும்" அரசு நடத்தும் இரத்தினக்கல் கண்காட்சியையும் காட்டுவதாகவும் ஆங்கிலத்தில் சொன்னார். மாளிகை மூடப்பட்டுவிட்டது என்பது அந்நகரில் பல்லாண்டுகளாகச் சுற்றுலாப் பயணிகளிடம் சொல்லப்பட்டுவரும் பொய். அதை நம்ப வேண்டாம், அந்நியர் சொல்வதைக் கேட்க வேண்டாம் என்று மாளிகைச் சுவரருகிலேயே அறிவித்தல் பலகைகள் வைத்திருக்கிறார்கள். அரச நிகழ்வுகளுக்காக உண்மையாகவே மூடும் நாட்களும் உண்டு. ஆனால் அவை மாளிகையின் உத்தியோகபூர்வ இணையத்தளத்தில் முன்கூட்டியே அறிவிக்கப்படும்.

வட் இந்தாரவிஹானில் உள்ள 32 மீட்டர் உயர நின்ற புத்தரைப் பார்க்க எங்களுக்குச் சிறிது நேரமே தரப்பட்டது. அதன்பின் இரத்தினக்கல் கடைக்குள் காலையின் பெரும்பகுதி கழிந்தது. குளிரூட்டப்பட்ட அந்த மண்டபத்தில் விற்பனைப் பெண் ஒருவர் வெள்ளைத் தாளின் மீது நீலக்கல்லை வைத்து, மேசை விளக்கைத் தாழ்த்தி, அது "சிலோன் சஃபையர்" என்றும், ஊருக்குக் கொண்டுபோய் விற்றால் இருமடங்கு விலை கிடைக்கும் என்றும் சொன்னார். நாங்கள் இலங்கையர் என்று அறிந்த பின்னரும் அவர் அதையே திரும்பச் சொன்னார். என் மனைவி, கல் சூடேற்றப்பட்டதா, எந்த ஆய்வுகூடத்தின் சான்றிதழ் இருக்கிறது என்று கேட்டார். கொண்டுவந்து காட்டப்பட்டதோ அந்தக் கடையின் பெயரிலேயே அச்சடிக்கப்பட்ட அட்டை.

இதை நம்மவர்கள் விளங்கிக்கொள்வது அவசியம். நம் நாட்டில் பால்நிறக் கல் என்று ஒதுக்கப்பட்ட கெவுடாவை 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் மலிவு விலைக்கு வாங்கிச் சென்று, மிக உயர்ந்த வெப்பத்தில் சூடேற்றி நீலக்கல்லாக மாற்றி விற்றார்கள். சூடேற்றுவது தவறான தொழில் அல்ல. அதை மறைத்து இயற்கையாகவே நிறம் பெற்ற கல்லின் விலைக்கு விற்பதுதான் மோசடி. ஊரில் விற்றால் இலாபம் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் அங்கிருந்து எழுந்துவிடுங்கள்.

நாங்கள் எதுவும் வாங்கவில்லை. வெளியே வந்தபோது வாகனம் அங்கே இல்லை. கடையின் வாசலில் நின்ற ஊழியர் வழிகாட்டியின் தாளில் நாங்கள் நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் எழுதி முத்திரை குத்துவதை என் கண்ணால் பார்த்தேன். குறித்த நேரத்துக்கு முன் நாங்கள் வெளியேறினால் வாகனம் வராது என்பது அப்போது விளங்கியது. ஆட்டோ ஓட்டுநர்களுக்கு இத்தகைய கடைகள் எரிபொருள் கூப்பன் தருவது அந்நகரில் எல்லோரும் அறிந்த விடயம். வழிகாட்டிகளுக்குக் கொமிஷன். சுற்றுலாவை அடக்கவிலைக்கும் குறைவாக விற்றுவிட்டு, பயணிகளைக் கடைகளில் இருத்திவைத்து அந்தத் தொகையை ஈடுசெய்வதே இந்த வியாபாரத்தின் முறை. அன்று மதியத்துக்குப் பின்னரும் தோல்பொருள் கடை, மெத்தைக் கடை என்று அதே கதைதான் தொடர்ந்தது.

என் மனைவி மிகவும் பார்க்க விரும்பிய இடம் தேவஸ்தானம். 1784இல் கட்டப்பட்ட அந்தப் பிராமணர் கோயிலில் இன்றும் ஆண்டுதோறும் திருவெம்பாவைப் பாடல்கள் ஓதப்படுகின்றன. மார்கழியில் கோணேசர் சந்நிதியில் அதே பாடல்களைக் கேட்டு வளர்ந்தவருக்கு அந்த வாசலில் சற்று நின்றாலே போதுமானதாக இருந்திருக்கும். சிவப்பு நிறத் தூண்களுடன் நிற்கும் பெரிய ஊஞ்சலுக்கு அருகில்தான் அக்கோயில் இருக்கிறது. எங்கள் வாகனம் அந்த ஊஞ்சலைச் சுற்றியே சென்றது. ஐந்து நிமிடம் நிறுத்துமாறு கேட்டோம். அட்டவணையில் இல்லை என்று வழிகாட்டி மறுத்துவிட்டார். வவுச்சரில் அச்சிடப்பட்டிருந்த மாரியம்மன் கோயிலுக்கும் எங்களை அழைத்துச் செல்லவில்லை. பணம் போனதைவிட இதுதான் எங்களுக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

மாலை நான்கு மணியளவில் மாளிகையின் பிரதான வாயிலைக் கடந்தபோது, பயணிகள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்துகொண்டிருந்தது. இறங்கிச் சென்று அங்கு கடமையிலிருந்த பொலிஸாரிடம் விசாரித்தோம். மாளிகை காலை முதல் திறந்தே இருந்தது என்றும், 3.30க்குப் பின் அனுமதிச்சீட்டு வழங்குவதில்லை என்றும் சொன்னார்கள். 1782இல் முதலாம் ராமா மன்னர் கட்டத் தொடங்கிய அந்த மாளிகையை நாங்கள் சுவருக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

உண்மையில் அந்தப் பகுதியைப் பார்க்க எவருடைய சுற்றுலாப் பொதியும் தேவையில்லை. மெட்ரோ ரயிலில் சனாம் சாய் நிலையத்தில் இறங்கினால் வட் போ நடக்கும் தூரத்தில் இருக்கிறது; 46 மீட்டர் நீளச் சயன புத்தர் இருப்பது அங்கேதான். அதன் அருகிலுள்ள தா தியென் துறையிலிருந்து படகில் ஆற்றைக் கடந்தால் வட் அருண். காலை 8.30க்கே திறக்கும் மாளிகைக்கு முதலில் சென்றுவிடுவது நல்லது. வெளிநாட்டவருக்கான கட்டணம் 500 பாத். மரகத புத்தர் ஆலயமும் அதில் அடங்கும். தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம். வாயிலுக்கு வெளியே யார் எதைச் சொன்னாலும் நிற்காமல் நேரே சீட்டு வழங்கும் இடத்துக்குச் செல்லுங்கள். ஏதேனும் சிக்கல் என்றால் சுற்றுலாப் பொலிஸாரின் இலக்கம் 1155.

முகவர் மூலமாகத்தான் செல்வதென்றால், அவர் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள். எந்த இடம், எவ்வளவு நேரம், கடைகளுக்கு அழைத்துச் செல்வார்களா இல்லையா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ் பேசும் வழிகாட்டி என்ற வாக்குறுதியும் அதே தாளில் இருக்க வேண்டும். எங்கள் விடயத்தில் அது வாய்ப்பேச்சாக இருந்ததால் முகவர் இப்போது அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார். ஊர் திரும்பியதும் அவரிடம் சென்று கேட்டபோது, அது பாங்கொக் நிறுவனத்தின் பொறுப்பு என்று கைவிரித்தவர், நாங்கள் வவுச்சரையும் பற்றுச்சீட்டையும் மேசையில் வைத்த பின்னரே மாளிகைக் கட்டணத்தை மாத்திரம் திருப்பித் தந்தார். மீதிப் பணத்துக்காக எழுத்து மூலம் முறைப்பாடு செய்திருக்கிறோம். இதே பொதியை வாங்கி இதே விதமாக ஏமாற்றப்பட்டவர்கள் பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் உரையாடல், வவுச்சர் ஆகியவற்றை அழிக்காமல் வைத்துக்கொண்டு, சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைக்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.