ஓடும் நாய்க்கான உலர் தீவனம்: நான்கு மாதப் பயன்பாட்டிற்குப் பின்

என் நாய் செம்பிக்கு நான்கு வயது, கருத்தடை செய்யப்பட்டவள். வாரத்தில் ஐந்து நாள் காலையில் என்னோடு பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறாள், மீதி இரண்டு நாள் ஓய்வு. அவளுக்கு ஏற்ற எடை 20 கிலோ என்பது எங்கள் கால்நடை மருத்துவரின் கணிப்பு. முன்பு கொடுத்துவந்த சாதாரண உலர் தீவனத்தில் புரதம் 24 சதவீதம், கொழுப்பு 12 சதவீதம். ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க அதை நாளொன்றுக்கு 400 கிராம் வரை போட வேண்டியிருந்தது. அவ்வளவையும் தின்ன முடியாமல் தட்டில் மிச்சம் வைத்தாள், மலமும் பெருத்தது, எடையோ 19.6 கிலோவுக்கு இறங்கியது. அப்போதுதான் 'சுறுசுறுப்பான நாய்களுக்கு' என்று முகப்பில் எழுதியிருந்த, புரதம் 30 சதவீதமும் கொழுப்பு 20 சதவீதமும் கொண்ட 12 கிலோ மூட்டையை வாங்கினேன். தயாரிப்பாளரின் பெயரை நான் குறிப்பிடப்போவதில்லை. சொல்லவிருப்பது இந்த வகையில் எந்த மூட்டையைக் கையில் எடுப்பவருக்கும் பயன்படும்.

தீவனம் நல்லது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குள்ள குறையெல்லாம் மூட்டையின் மேல் அச்சிட்டிருப்பதிலும், அச்சிடாமல் விட்டதிலும்தான்.

உருண்டைகள் சுண்டுவிரல் நுனி அளவுக்குத் தட்டையாக இருக்கின்றன. விரலால் தேய்த்தால் மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும்; இருபது சதவீதக் கொழுப்பில் ஒரு பகுதி, சுட்டெடுத்த பிறகு உருண்டையின் மேல் தெளிக்கப்படுவதால் வரும் பிசுக்கு இது. செம்பி அவற்றை விழுங்காமல் கடித்துத் தின்கிறாள்; தட்டில் மிச்சம் என்ற பேச்சே இப்போது இல்லை. மலம் அளவில் குறைந்து கெட்டியாகிவிட்டது, நீண்ட ஓட்டங்களின் கடைசி இரண்டு கிலோமீட்டரில் முன்பு பின்தங்கியவள் இப்போது என் முழங்காலை ஒட்டியே வருகிறாள். மாற்றத்தை மட்டும் நான் அவசரப்படுத்திவிட்டேன். பழைய தீவனத்தோடு கலந்து, ஏழு முதல் பத்து நாளில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும் என்பது தெரிந்திருந்தும் நான்காம் நாளே முழுவதுமாக மாற்றினேன். அன்று மாலையே வயிறு இளகிவிட்டது. மறுபடி பாதிக்குப் பாதி கலந்து, பொறுமையாக மாற்றிய பிறகே சரியானது.

கொழுப்பு ஏன் இவ்வளவு தேவை என்று கேட்பவர்கள் உண்டு. நெடுநேரம் ஓடும் நாயின் தசைகள் கொழுப்பை எரித்துத்தான் பெரும்பாலான ஆற்றலைப் பெறுகின்றன. ஒரு கிராம் கொழுப்பு, ஒரு கிராம் புரதத்தையோ மாவுச்சத்தையோ விட இரண்டு மடங்குக்கும் அதிகமான ஆற்றலைத் தருகிறது. அலாஸ்காவில் 1973 முதல் நடந்துவரும் இடிடராட் பந்தயத்தில் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்கள், பந்தய நாட்களில் ஒரு நாளைக்கு 10,000 கிலோ கலோரி வரை செலவழிக்கின்றன. அவ்வளவையும் மாவுச்சத்து மிகுந்த தீவனத்தால் கொடுத்தால் வயிறு கொள்ளாது. மாறாக, அரை நிமிடப் பந்தயத்தில் பாயும் கிரேஹவுண்ட் என்னும் பந்தய நாயின் தசைகள் மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் சேமிப்பையே பெரிதும் நம்புகின்றன. ஆக, 'சுறுசுறுப்பு' என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு உடலுழைப்பை மூடிமறைக்கிறது. இந்த மூட்டை நெடுந்தூரம் ஓடும் நாய்க்கானது. அதை முகப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கலாம்.

இனி என் முக்கியமான குறைக்கு வருகிறேன். மூட்டையின் பின்புறத்தில் உள்ள அட்டவணை, 20 கிலோ எடையுள்ள சுறுசுறுப்பான நாய்க்கு நாளொன்றுக்கு 420 கிராம் போடச் சொல்கிறது. நம்பிப் போட்டேன். இரண்டு வாரத்தில் எடை 20 கிலோவைத் தொட்டபோது மகிழ்ந்தேன். ஆறாம் வாரம் 21.1 கிலோவாகிவிட்டது. விலாவை விரலால் தடவினால் எலும்புகள் எளிதில் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும் என்பதே உடல்நிலையை மதிப்பிடும் எளிய வழி. செம்பியின் விலாவைத் தேட வேண்டியிருந்தது. எங்கே தவறு என்று பார்க்க மூட்டையை முழுவதுமாகப் படித்தேன்; நூறு கிராமில் எத்தனை கிலோ கலோரி என்ற ஒற்றை எண் எங்கும் இல்லை.

அந்த எண்ணை நாமே ஓரளவு கணக்கிட முடியும். புரதம் 30, கொழுப்பு 20, நார்ச்சத்து 3, ஈரப்பதம் 10, சாம்பல் (அதாவது தாதுக்கள்) 7 என்று மூட்டை சொல்கிறது. இவற்றைக் கூட்டி நூறிலிருந்து கழித்தால் மீதமுள்ள 30 மாவுச்சத்து. செல்லப் பிராணித் தீவனத்துக்கு வழங்கும் கணக்கின்படி, புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 3.5 கிலோ கலோரி, கொழுப்புக்கு 8.5. ஆகவே 105, 170, 105. மொத்தம் நூறு கிராமுக்கு 380. செம்பியின் பழைய தீவனத்துக்கு இதே கணக்கைப் போட்டால் ஏறத்தாழ 337 வருகிறது. தேவை எவ்வளவு என்பதற்கும் வழி உண்டு. கால்நடை மருத்துவர்கள் ஓய்வுநிலை ஆற்றலை, எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்கிக் காண்கிறார்கள். 20 கிலோவுக்கு அது 662 கிலோ கலோரி. கருத்தடை செய்த சாதாரண நாய்க்கு அதன் 1.6 மடங்கு, அதாவது 1,059, போதும். ஓட்டத்துக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி செலவு. பத்துக் கிலோமீட்டருக்கு 200 சேர்ந்து, மற்ற நடமாட்டத்தையும் தாராளமாகவே சேர்த்தால் ஓய்வுநிலை ஆற்றலின் இரண்டு மடங்கான 1,324 ஆகிறது. அதற்கு இந்தத் தீவனத்தில் 348 கிராம் போதும். அட்டவணை சொன்ன 420 கிராமில் 1,596 கிலோ கலோரி இருந்தது; நாள்தோறும் 270க்கு மேல் உபரி. ஆறு வாரத்தில் ஒன்றரைக் கிலோ ஏறியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எடையின் மீது எனக்கு இவ்வளவு கவலை ஏன் என்றால், 2002இல் வெளிவந்த ஒரு நீண்ட ஆய்வு. 48 லாப்ரடார் நாய்களை இணைகளாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து வாழ்நாள் முழுவதும் கவனித்தார்கள். மெலிந்திருந்தவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2, மூட்டுத் தேய்மானமும் மெலிந்தவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. ஓடுகிற நாய்க்கு மூட்டுதானே முதல்?

நிறுவனத்துக்குக் கலோரி அளவைக் கேட்டு எழுதினேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது: கிலோவுக்கு 3,810 கிலோ கலோரி. என் கணக்கோடு ஒத்துப்போனது என்பதில் ஆறுதல். இவ்வளவு சரியான எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அதை மூட்டையில் அச்சிடாமல் விட்டது ஏன் என்பதில் வருத்தம். உடன் கொடுக்கும் பிளாஸ்டிக் கோப்பையும் நம்பத்தக்கதன்று: அதே கோப்பையை ஐந்து முறை நிரப்பித் தராசில் வைத்தேன், 96 கிராமிலிருந்து 118 கிராம் வரை வந்தது. அதன் பிறகு கோப்பையை விட்டுவிட்டு, ஓடும் நாளில் 348 கிராம், ஓய்வு நாளில் 280 கிராம் என்று எடைபோட்டே கொடுக்கிறேன்.

மூலப்பொருள் பட்டியலில் புதிய கோழி இறைச்சி முதலிடத்தில் இருக்கிறது. பட்டியல் எடை வரிசையில் வருவது. பச்சை இறைச்சியில் ஏறத்தாழ எழுபது சதவீதம் தண்ணீர் என்பதை நினைவில் கொண்டால், இரண்டாவதாக வரும், நீர் வற்ற உலர்த்தி அரைத்த கோழி இறைச்சி மாவே உண்மையில் புரதத்தின் பெரும்பங்கைத் தருகிறது என்பது புலப்படும். அது குறையன்று, நல்ல தரமான புரதமே. அடுத்து அரிசி வருகிறது. தானியமில்லாத தீவனமே உயர்ந்தது என்ற எண்ணம் பரவலாக இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாய்க்கு மிக அதிகம் என்று 2013இல் வெளியான மரபியல் ஆய்வு காட்டியது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில், பட்டாணி, பருப்பு வகைகள் மிகுந்த தானியமில்லாத தீவனங்களுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்வதாக அறிவித்தது; காரணம் உறுதியாக நிறுவப்படவில்லை என்றாலும், அரிசி இருப்பதை நான் குறையாகக் கருதவில்லை.

உணவு நேரத்தைப் பற்றி மூட்டையில் ஒரு வரியும் இல்லை. ஓட்டத்துக்கு முன் வயிறு நிறையக் கொடுக்கக் கூடாது. ஓடி முடித்து, மூச்சிரைப்பு அடங்கி, ஒரு மணி நேரமாவது கழிந்த பிறகே பெரிய வேளையைக் கொடுக்கிறேன். மார்புக்கூடு ஆழமான பெரிய இனங்களுக்கு இரைப்பை உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு; சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியது அது.

மூட்டையின் வாயை அடைக்கும் பட்டை பத்தாம் நாளிலேயே பிரிந்துவிட்டது. கொழுப்பு மிகுந்த தீவனம் காற்றுபட்டால் சிக்கு நாற்றமடிக்கும், அதனால் மூட்டையோடு அப்படியே இறுக்கமான மூடியுள்ள டப்பாவுக்குள் வைக்கிறேன். எங்களுக்கு ஒரு மூட்டை ஐந்து வாரத்தில் தீர்ந்துவிடுகிறது. ஐந்து கிலோ நாய் வைத்திருப்பவருக்கு இதே மூட்டை நான்கு மாதம் வரும். சிறிய பை விற்காதவரை அவர்கள் இதை வாங்க வேண்டாம். அடிக்கடி வயிற்றுப்போக்கோ கணைய அழற்சியோ வந்த நாய்க்கும் இவ்வளவு கொழுப்பு ஆகாது. மாலையில் அரை மணி நேரம் கயிற்றில் நடந்துவரும் நாய்க்கு இது தேவையே இல்லை; மூட்டையின் முகப்புப் படத்தில் பாய்ந்தோடும் நாயைப் பார்த்து வாங்குபவர்களில் பலரின் நாய்கள் அப்படித்தான் நடக்கின்றன என்று அஞ்சுகிறேன்.

வீட்டில் பூனையும் இருந்தால் நாயின் தட்டை அப்படியே விட்டுவைக்க வேண்டாம், தின்று முடித்ததும் எடுத்துவிட வேண்டும். புரதம் 30 சதவீதம் என்பதால் பூனைக்கும் ஆகும் என்று நினைத்துவிடக் கூடாது. பூனைக்கு டாரின் என்னும் சத்து உணவிலேயே கிடைத்தாக வேண்டும்; அது போதாமல் பூனைகளின் இதயம் விரிந்து பழுதாகிறது என்பது 1987இல் நிறுவப்பட்டது. இந்தத் தீவனத்தில் டாரின் சேர்த்ததாகக் குறிப்பு இல்லை.

நான்காவது மூட்டை நேற்று வந்தது. எண் இன்னும் அச்சிடப்படவில்லை. தடித்த மார்க்கரால் அட்டவணையின் மேலேயே '100 கிராம் = 381 கிலோ கலோரி' என்று எழுதி, செம்பிக்கு 348 கிராம் நிறுத்துப் போட்டேன். இன்று காலை அவள் எடை 20.1.