பாளையங்கோட்டையில் ஸ்லைடு ஸ்கேன் செய்யும் கடை: ஓரத்தை வெட்டாதே என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்

பழைய ஸ்லைடு, நெகட்டிவ் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் கடை ஒன்று பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இருக்கிறது. கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் இவர்களுடைய ஒற்றை அறை. பாஸ்போர்ட் போட்டோவும் கல்யாண ஆல்பமும் செய்கிறார்கள் என்றாலும் தென்காசியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஆள் வருவது இந்த ஸ்கேன் வேலைக்காகத்தான். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் நனைந்த ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களால்தான் இந்தத் தொழிலையே கற்றுக்கொண்டதாக அங்கே இருக்கும் தம்பி சொன்னார். ஸ்லைடு ஒன்றுக்கு 30 ரூபாய், நெகட்டிவ் என்றால் ஃபிரேமுக்கு 15. கடையின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப் போகிறேன். சின்னக் கடை, பிழைத்துப் போகட்டும்.

நான் கொண்டுபோனது ஒரு டின் நிறையக் கோடாக்ரோம் ஸ்லைடுகள், அதாவது கோடாக் கம்பெனியின் கலர் ஃபிலிமில் எடுத்து, ஒவ்வொரு படமாக அட்டைச் சட்டத்தில் பொருத்தியவை. என்னுடையவை இல்லை. 1972ல் பத்தமடைக்கு வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் தங்கிய ஓர் அமெரிக்க ஹிப்பி எடுத்தவை. போன வருஷம் ஆரிகன் மாநிலத்தில் அவன் இறந்துபோனான். பெட்டியைத் திறந்து பார்த்த அவன் மகள், அதிகமான படங்களில் ஓரமாக நிற்பவன் நான்தான் என்று எப்படியோ கண்டுபிடித்து, தபாலில் அனுப்பிவைத்தாள்.

பத்தமடைக்கு ஹிப்பி எதற்கு வந்தான் என்று கேட்பீர்கள். பாய் வாங்க இல்லை. 1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் உட்ஸ்டாக் இசை விழா நடந்தது, நாலு லட்சம் பேருக்கு மேல், மழை, சேறு. அந்த மேடையில் தொடக்க நாளன்று காவி உடுத்தி உட்கார்ந்து பேசியவர் சுவாமி சச்சிதானந்தா, கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிபாளையத்துக்காரர். கூட்டத்தில் இவனும் இருந்தான். அப்புறம் நியூயார்க்கில் அவரிடம் யோகா கற்கப் போனான். அவருடைய குரு ரிஷிகேஷ் சிவானந்தர். சிவானந்தர் 1887ல் பிறந்தது எங்கள் பத்தமடையில். குருவின் குரு பிறந்த மண்ணைப் பார்க்க வேண்டும் என்று சேரன்மகாதேவி ஸ்டேஷனில் இறங்கி, தாடியும் தோள்பையுமாக நடந்தே வந்துவிட்டான். தெருவில் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவன் நான், பாளையங்கோட்டையில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அதனால் என் தலையில் கட்டினார்கள். என் அம்மா கடைசிவரை அவனைச் சாமியார் என்றுதான் சொன்னாள். கையில் கேமரா வைத்திருக்கும் சாமியார்.

சரி, கடைக்கு வருகிறேன். தம்பிக்கு வேலை தெரிகிறது. கையில் பருத்தி உறை போட்டுக்கொண்டு, ரப்பர் பந்தால் தூசியை ஊதிவிட்டு, ஸ்லைடின் விளிம்பை மட்டும் பிடித்து எடுத்தார். தண்ணீர் தொட்டுத் துடைப்பது, வாயால் ஊதுவது எதுவும் கிடையாது. முதலில் பத்துப் படம் மாதிரிக்கு எடுத்துக் காட்டினார். எல்லாம் நீலம் பூசியது மாதிரி இருந்தன. எனக்குப் பக்கென்றது. "பயப்படாதீங்க அண்ணாச்சி, கோடாக்ரோம் நீலமாத்தான் விழும். அதுக்குன்னு தனி செட்டிங் இருக்கு" என்று சொல்லி மாற்றினார், குற்றாலத்துப் பாறை பழைய நிறத்துக்கு வந்தது. இன்னொன்றும் சொன்னார். ஸ்கேனரில் அகச்சிவப்புக் கதிரை வைத்துத் தூசியைத் தானே கண்டுபிடித்து அழிக்கும் வசதி உண்டு, கோடாக்ரோமுக்கும் வெள்ளி இருக்கும் கருப்பு வெள்ளை நெகட்டிவுக்கும் அதை நம்பக் கூடாது, படத்தையே தூசி என்று நினைத்து அழித்துவிடும் என்றார். இந்த விஷயம் தெரிந்த ஆள் நம் பக்கத்தில் கிடைப்பது பெரிய காரியம். இதற்காகவே அந்தக் கடைக்குப் போகலாம்.

ஐம்பது வருஷம் தாண்டியும் நிறம் அப்படியே இருப்பதுதான் ஆச்சரியம். இருட்டில் வைத்திருந்தால் கோடாக்ரோம் லேசில் வெளுக்காது. அடிக்கடி புரொஜெக்டரில் போட்டுப் பார்த்தால்தான் கெடும். இவன் பெட்டியில் போட்டு மூடிவிட்டான் போல. டின்னில் கோடாக்கின் இன்னொரு ஸ்லைடு ஃபிலிமான எக்டாக்ரோமும் கொஞ்சம் கலந்திருந்தது, அவை மொத்தமும் சிவந்துபோய்விட்டன. இப்போது கோடாக்ரோம் கிடையாது. 2009ல் கோடாக் நிறுத்திவிட்டது. உலகத்தில் கடைசியாக அதைக் கழுவிக்கொண்டிருந்த லேப் கான்சாஸ் மாநிலத்தில் இருந்தது, அதுவும் 2010 டிசம்பரோடு புதிய ரோல் வாங்குவதை நிறுத்தியது. உங்கள் வீட்டுப் பரணில் கழுவாத ரோல் இருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். அந்த நிறம் இனி வராது.

இப்போது குறை.

முதல் தவணையாக வாங்கி வந்த படங்களை வீட்டில் என் மகளின் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். கேரளத்துக் கோவளம் இருந்தது, 1972ல்தான் விளக்கேற்றிய சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம் இருந்தது, மணலில் உட்கார்ந்திருந்த பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள். என்னைக் காணோம். ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் இடது ஓரத்தில் பாதி உடம்பு, ஒரு கை, கையில் மண்ணெண்ணெய் ஸ்டவ். அது நான். கம்ப்யூட்டர் தானாகவே ஓரத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டுகிறது, படம் நேராக அழகாக வரட்டும் என்று. எனக்கு அது ஒத்துவராது. நான் இருந்ததே ஓரத்தில்.

பத்தமடையிலிருந்து அவனோடு கிளம்பிப் போய் ஒரு ஹிப்பிக் கூட்டத்தில் சேர்ந்திருந்தேன், அந்தக் கூட்டத்தில் என் வேலை அது. லாரி டிரைவரிடம் பேசுவது, வாடகை பேரம், டாக்டர் எங்கே, அரிசி எங்கே மலிவு. ஒரு டாலருக்கு ஏழரை ரூபாய் கிடைத்த காலம். காசை வெறுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அவர்களால் வருஷக்கணக்கில் இருக்க முடிந்ததற்கு அந்த ஏழரையும் ஒரு காரணம். வீட்டுக்குத் தந்தி கொடுத்தால் பணம் வரும், பாஸ்போர்ட்டைக் காட்டினால் ஊர் போகலாம். என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. அவர்கள் இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல் என்று தரை வழியாகவே வந்த கதையைச் சொல்வார்கள். நான் போக முடிந்த ஒரே வெளிநாடு நேபாளம். பீகாரின் ரக்சௌலில் எல்லையைத் தாண்டி, லாரியின் மேல் உட்கார்ந்து மலைப்பாதையில் காட்மாண்டு போய்ச் சேர்ந்தோம். ஜோச்சென் தெருவில் அப்போது கஞ்சாவும் அதன் பிசினான சரஸும் லைசென்ஸ் போர்டு மாட்டி விற்றார்கள். 1973 ஜூலையில் அரசாங்கம் லைசென்ஸை எல்லாம் ரத்து செய்தபோது கூட்டம் கலைய ஆரம்பித்தது. நான் குடித்தேனா என்றால், குடித்தேன். அதைப் பற்றிச் சொல்வதற்கு ரொம்ப ஒன்றும் இல்லை. பசிக்கும், தூக்கம் வரும்.

இதையெல்லாம் படித்துவிட்டு அவர்களைப் போலி என்று சொல்லிவிடாதீர்கள், சண்டைக்கு வருவேன். எங்கள் வீட்டில் அவனைத் திண்ணையைத் தாண்டி உள்ளே விடவில்லை, தனி டம்ளர்தான். அவனோடு போன இடங்களில் ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிட்டோம், யாரும் என்னை எந்தத் தெரு என்று கேட்கவில்லை. நான் படிப்பை விட்டுப் போனதற்குக் காரணம் கஞ்சா என்று ஊர் சொன்னது. எனக்கு அந்தத் தட்டுதான் காரணம்.

அவன் 1974ல் ஊருக்குத் திரும்பினான். நான் திரும்பவில்லை. கோவாவில் அஞ்சுனாவிலேயே இருந்துவிட்டேன். மதுரையில் சுங்குடித் துணியை மொத்தமாக வாங்கிப் போய்ப் புதன்கிழமைச் சந்தையில் விற்பேன். அமெரிக்காவில் பக்கெட் சாயத்தில் பனியனை முடிந்து நனைத்து உடுத்தியவர்கள், நம் ஆட்கள் நகத்தால் புள்ளி புள்ளியாகக் கட்டிய சுங்குடியைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். நல்ல வியாபாரம். 1979ல் ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானில் சோவியத் படை, தரைவழி அடைபட்டது. வேனில் வருகிறவர்கள் நின்றுபோனார்கள். அப்பாவும் படுத்துவிட்டார். நான் தலைமுடியை வெட்டிக்கொண்டு வந்து அம்பாசமுத்திரத்தில் அச்சகம் வைத்தேன். கல்யாணப் பத்திரிகை, தேர்தல் நோட்டீஸ். அது வேறு கதை.

ஓரம் வெட்டுப்பட்ட விஷயத்தைப் போய்ச் சொன்னேன். தம்பி முகம் சுளிக்கவில்லை. ஸ்லைடின் அட்டைச் சட்டத்தோடு சேர்த்து முழுதாக மறுபடி எடுத்துத் தந்தார், காசு கேட்கவில்லை. அட்டைச் சட்டமே படத்தை நாலு பக்கமும் கொஞ்சம் மூடிக்கொண்டுதான் இருக்கும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கேட்டதற்காகச் சில ஸ்லைடுகளின் அட்டையைப் பிரித்து ஃபிலிமை மட்டும் ஸ்கேன் செய்தார். காட்மாண்டுப் படம் ஒன்றில் என் தோளும் காதும் அப்படித்தான் கிடைத்தன. அட்டையைத் தூக்கிப் போட விடாதீர்கள், அதில் மாதமும் வருஷமும் அச்சாகியிருக்கும். படம் எடுத்த தேதி என்று நினைக்க வேண்டாம், கழுவிய தேதி. இவன் ரோலை ஊருக்குத் திரும்புகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவான். பிப்ரவரி என்று போட்ட படத்தில் குற்றாலச் சாரல் அடிக்கிறது.

இரண்டாவது குறைக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. கேட்காமலேயே சில படங்களை ஏஐ வைத்து 'சரி செய்து' தனி ஃபோல்டரில் இலவசமாகப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். தூசி இல்லை, கீறல் இல்லை, எல்லோருக்கும் வழுவழுவென்று கன்னம். உட்ஸ்டாக் சேற்றில் புரண்டவனுக்கு டிவி விளம்பரக்காரனின் பல்வரிசை. இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அஞ்சுனாவில் எடுத்த ஒரு படம் அப்படி இல்லை. கயிற்றுக் கட்டிலில் ஒரு பெண் சாய்ந்திருக்கிறாள், பெல்ஜியத்துக்காரி. கண் இரண்டும் மஞ்சள், நகமும் மஞ்சள். மஞ்சள் காமாலை அந்த வருஷம் குடிசை குடிசையாகப் போனது, ஒரே கிணறு, ஒரே குடம். நான் கீழாநெல்லியைத் தேடிப் பறித்து அரைத்து மோரில் கலந்து கொடுத்தேன், அப்புறம் மாப்சாவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்தாள். கோடாக்ரோம் அந்த மஞ்சளை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. கடைக்காரர்களின் ஏஐ அதை நிறக்கோளாறு என்று நினைத்து வெள்ளை ஆக்கிவிட்டது. இப்போது கடற்கரையில் ஓய்வெடுக்கும் ஒரு சந்தோஷமான வெள்ளைக்காரி. பக்கத்தில் நான் கிண்ணத்தோடு நிற்பது ஏன் என்று யாருக்கும் புரியாது.

தம்பியிடம் இதைச் சொன்னேன். "வர்றவங்க எல்லாருமே இதைத்தான் கேக்காங்க அண்ணாச்சி. அப்பா முகத்துல இருக்க மருவைக்கூட எடுக்கச் சொல்லுதாங்க" என்றார். நியாயம்தான், கேட்கிறவர்களுக்குச் செய்யட்டும். கேட்காதவனுக்குச் செய்யக் கூடாது. நல்லவேளை, அசல் ஸ்கேனைத் தொடாமல் வைத்திருந்தார்கள்.

மற்றபடி சில்லறை விஷயங்கள். சொன்ன தேதியில் கொடுக்க மாட்டார்கள், கல்யாண மாதங்களில் ஸ்கேன் வேலை பின்னுக்குப் போய்விடும். சுருக்கிய ஜேபெக் மட்டும் வாங்காமல் தரம் குறையாத டிஃப் ஃபைலும் கேளுங்கள், 4000 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 4000 புள்ளி வைத்து எடுத்தால் ஒரு படம் 60 எம்பிக்கு மேல் வரும், அதனால் நிறையப் படம் இருந்தால் சின்னப் பென் டிரைவ் போதாது, ஹார்டு டிஸ்க் கொண்டுபோங்கள். அங்கே விற்பதில்லை. படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான், என் வயதுக்காரர்கள் பார்த்து ஏறுங்கள். வண்டி நிறுத்த இடம் இல்லை, முருகன்குறிச்சியில் இறங்கி ஆட்டோவில் போவது உத்தமம்.

ஆரிகனில் இருக்கும் பெண்ணுக்கு ஓரத்தோடு உள்ள படங்களை அனுப்பிவிட்டேன். அச்சகத்துக் கருப்பு வெள்ளை நெகட்டிவ்கள் ஒரு கட்டு என்னிடம் இருக்கின்றன, அடுத்து அதைக் கொடுக்கப் போகிறேன். தூசிப் பொத்தானை அமுக்காதே, ஏஐ வேண்டாம், ஓரத்தை வெட்டாதே என்று கவர் மேலேயே ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவைத்தாயிற்று.