யுனிவர்சல் அடாப்டரா, ஒற்றை நாட்டு அடாப்டரா?

வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டும்போது பலரையும் குழப்பும் கேள்வி இது. உலகத்தில் பிளக் வகைகள் ஏறக்குறைய 15 இருக்கின்றன; நம் பிளக்கை அந்த ஊர் சாக்கெட்டில் செருக இடையில் ஓர் அடாப்டர் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒன்றே போதுமா?

விலை: ஒற்றை மலிவு. யுனிவர்சல் கூடுதல்தான், ஆனால் பல நாடு சுற்றுபவருக்குக் கட்டுப்படியாகும்.

உழைப்பு: இதில் போட்டியே இல்லை. ஒற்றையில் அசையும் பாகம் கிடையாது. யுனிவர்சலில் தள்ளி நீட்டும் பின்கள் நாளாக நாளாகத் தளர்ந்து, செருகும்போதே உள்ளே நழுவும். கனம் வேறு, சுவர் சாக்கெட்டில் தலை சாய்ந்து தொங்கும்.

பாதுகாப்பு: பல யுனிவர்சல்களில் எர்த் இணைப்பு இல்லை. போன் சார்ஜருக்குப் பரவாயில்லை, இஸ்திரிப்பெட்டிக்கு ஆகாது. பிரிட்டன் பிளக்கைப் பாருங்கள்: உள்ளேயே ஃபியூஸ். நீளமான எர்த் பின் முதலில் நுழைந்து, மற்ற இரு துளைகளின் மூடியைத் திறந்துவிடும். அது தரையில் கிடக்கும்போது வெறுங்காலால் மிதித்தவருக்கு அதன் இன்னொரு குணமும் தெரியும்.

அப்புறம், இரண்டு வகை அடாப்டருமே வோல்டேஜை மாற்றாது. ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, ஐரோப்பாவில் 230. சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் கவலை இல்லை. 230-க்கென்றே செய்த ஹேர் டிரையர் ஜப்பானில் வெதுவெதுப்பாக ஊதும். 120-க்கானது ஐரோப்பாவில் கருகிவிடும்.

படிப்புக்கோ வேலைக்கோ ஒரே நாட்டில் தங்குபவர்கள் எர்த் உள்ள ஒற்றை அடாப்டர் இரண்டு வாங்குங்கள். வாரத்துக்கொரு விமான நிலையம் என்று அலைபவர்கள், போனும் லேப்டாப்பும் மட்டும்தான் என்றால், யுனிவர்சலே வசதி.