புத்தக அடுக்கு: நிலையான அலமாரியா, நகரும் அலமாரியா?

கிருஷ்ணகிரி போன்ற ஊரில் மைய நூலகம் கட்டும்போது இதை அலமாரி வாங்கும் நாளில் அல்ல, அஸ்திவார வரைபடத்தின்போதே முடிவுசெய்ய வேண்டும்.

முதலில் இடக்கணக்கு. அரை மீட்டர் ஆழமுள்ள இரட்டைப் பக்க அலமாரிகள் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டர் நடைவழி என்றால், 7.5 மீட்டர் நீளம் போய்விடும். அதே ஐந்தை நகரும் அலமாரியாக்கி, தரையில் பதித்த தண்டவாளத்தில் வைத்து, கைப்பிடி சுற்றி நகர்த்தி ஒரே நடைவழியைப் பங்கிட்டால் 3.5 மீட்டர் போதும்.

ஆனால் மிச்சமான இடத்துக்கு விலை உண்டு. நிலையான அலமாரிகள் நிற்கும் சாதாரண புத்தக அறைக்கே, 2.2 மீட்டர் உயரம் வரை, சதுர மீட்டருக்கு சுமார் 600 கிலோ பாரம் தாங்கும்படி வடிவமைக்க இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. நகரும் அலமாரியில் பாரம் இன்னும் நெருக்கமாக அமர்வதால் அதற்கும் மேல் வேண்டும். மாடியில் வைத்தால் தளம் நாளடைவில் சற்றே தொய்யும். தண்டவாள மட்டம் கெட்டு, அலமாரி தானாக உருளும், அல்லது சிக்கும். எனவே அதற்குத் தரைத்தளமே சரி. தரைக்குக் கீழே ஒரு தளம் தோண்டலாமே என்பார்கள். இங்கே பல மனைகளில் கொஞ்ச ஆழத்திலேயே பாறை தட்டும். உடைக்கும் செலவோடு மழைக்கால ஊற்றுநீரும் சேரும்.

இன்னொரு சிக்கல் தூசி. தண்டவாளப் பள்ளத்தை அடிக்கடி துடைக்காவிட்டால் கைப்பிடி எளிதாகச் சுற்றாது. அதோடு ஒரு நேரத்தில் ஒரு வழிதான் திறக்கும். போட்டித் தேர்வுப் பகுதியில் இதை வைத்தால் வரிசைதான் நிற்கும்.

பழைய நாளிதழ், அரசிதழ் தொகுப்புகளுக்கு நகரும் அலமாரி. மற்றதெல்லாம் நிலையானது, நடைவழி 1.2 மீட்டர்.